மீட்டர் 168, லேப் 139: அம்மாவுக்கு எதை நம்புவது?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"டாக்டர், என் அம்மாவுக்கு 69 வயது. 16 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரையோடு, காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் 30/70 கலவை இன்சுலின் போடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை லேப்பிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கே வந்து காலை 6.30-க்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் போனான். அதே நேரத்தில் நானும் மீட்டரில் பார்த்தேன், 168. சந்தேகப்பட்டு இன்னொரு ஸ்ட்ரிப் போட்டேன், 157. அண்ணன் வாங்கிக் கொடுத்த புது மீட்டரில் 181. மத்தியானம் வந்த லேப் ரிப்போர்ட்டில் 139. இந்த நான்கில் எது நிஜம்?

இதில் எனக்குப் பயம் வரக் காரணம் இருக்கிறது. பதினைந்து நாள் முன்பு, பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை பார்த்தேன். 243 காட்டியது. வழக்கமாக 150, 160தான் இருக்கும். பயந்துபோய் 12 யூனிட்டுக்குப் பதிலாக 16 போட்டேன். ராத்திரி இரண்டரை மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, என்னை எழுப்பினார். மீட்டரில் 61. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். பக்கத்து வீட்டில், இந்த மீட்டரெல்லாம் ஏமாற்று, தூக்கிப் போடு என்கிறார்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் ஹீமோகுளோபின் 8.4 என்று இருக்கிறது. வயசானால் அப்படித்தான் என்று சொன்னார்கள்."

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அன்று இரண்டரை மணிக்கு 61 என்று காட்டியது அந்த மீட்டர்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மாம்பழம், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தது, 8.4 ஆகிய மூன்றில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் மீட்டர் எவ்வளவு தப்பலாம் என்ற கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வீட்டு மீட்டருக்கென்று ஐஎஸ்ஓ 15197 என்ற உலகத் தர விதி ஒன்று உண்டு. 2013-இல் திருத்திய விதி அது. ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால், மீட்டர் உண்மையான அளவைவிட 15 மில்லிகிராம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் வரை. நூறு முறை பார்த்தால் 95 முறை இந்த எல்லைக்குள் வர வேண்டும். அதாவது மீதி ஐந்து முறை எல்லை தாண்டினாலும் மீட்டர் தேர்வில் பாஸ்தான். 2003-இல் வந்த பழைய விதி இன்னும் தளர்வு, அதில் 20 சதவீதம் வரை விட்டிருந்தார்கள்.

இதை உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். உண்மையான சர்க்கரை 200 என்றால், 170 காட்டும் மீட்டரும் சரி, 230 காட்டும் மீட்டரும் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு 60 வித்தியாசம் தெரியும், தலை சுற்றும். ஆனால் இரண்டுமே விதிக்குள் இருக்கின்றன. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், மீட்டர் 168 என்று காட்டினால் அதை "நூற்று நாற்பதுக்கு மேல், இருநூறுக்குள்" என்று மனதுக்குள் படித்துக்கொள்ளச் சொல்கிறேன். திரையில் ஒற்றை எண் பளிச்சென்று வருவதால், அது அளந்து வைத்த எண் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது.

எல்லா மீட்டரும் ஒரே தரமா என்றால், இல்லை. அமெரிக்காவில் கடைகளில் விற்கும் 18 மீட்டர்களை எடுத்து, கம்பெனிக்காரர்கள் கை படாமல் சோதித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மூன்று சுற்றுச் சோதனையிலும் தேறியவை ஆறுதான். எல்லாமே அங்கே விற்பனைக்கு அனுமதி பெற்றவை. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.

168-க்கு அடுத்து 157 வந்தது. ஒரே மீட்டர், ஒரே விரல், அடுத்தடுத்த நிமிடம். இது வேறு விஷயம். மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தராசு எப்போது நிறுத்தாலும் ஐம்பது கிராம் கூட்டியே காட்டுகிறது. தப்புதான், ஆனால் எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு தராசு ஒரு முறை முப்பது கூட்டும், அடுத்த முறை நாற்பது குறைக்கும். பத்து முறை நிறுத்துச் சராசரி போட்டால் சரியாக இருக்கும், ஒரு முறை நிறுத்தால் நம்ப முடியாது. மீட்டரிலும் இந்த இரண்டு குணத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பது ஒன்று, திரும்பத் திரும்பப் பார்த்தால் எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்பது மற்றொன்று. உங்கள் பழைய மீட்டரின் இரண்டு ரீடிங்குக்கும் இடையே 11 வித்தியாசம், ஏழு சதவீதத்துக்குள். இது சாதாரணம். மருந்தை மாற்றாமல், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாள்தோறும் பார்க்க அந்த மீட்டர் போதும். ஒரே மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு மீட்டரை மாற்றி மாற்றிப் போட்டால், மாறியது சர்க்கரையா மீட்டரா என்பதே தெரியாமல் போய்விடும்.

இப்போது மாம்பழம்.

ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான மீட்டர்களில் ஒரு மைக்ரோலிட்டருக்கும் கீழே, அரை மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை 100 என்றால், அந்தத் துளியில் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோகிராம். அது ஒரு சீனிப் பரலின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மாம்பழம் நறுக்கிய விரலில், நகக்கண்ணில், ரேகைக்குள் காய்ந்துபோன சாறு கண்ணுக்குத் தெரியாது. அதிலிருக்கும் குளுக்கோஸ் அந்தத் துளியோடு சேர்ந்தால் 150-ஐ 243 ஆக்குவது பெரிய வேலையே இல்லை. ஜப்பானில் இதைச் செய்து பார்த்து 2011-இல் எழுதினார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரித்துவிட்டு, சர்க்கரை நோய் இல்லாதவர்களின் விரலில் குத்திப் பார்த்தார்கள். ரீடிங் எகிறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் எகிறியது. குழாய்த் தண்ணீரில் கை கழுவிய பிறகுதான் உண்மை எண் வந்தது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதும் என்று நம் வீடுகளில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஸ்பிரிட் கிருமிக்கு, சர்க்கரைக்கு அல்ல. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரமில்லாமல் குத்த வேண்டும். ஈரம் இருந்தால் துளி நீர்த்துப்போய் ரீடிங் குறையும். கழுவ வழியே இல்லாத இடத்தில், முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

அன்று 243 வந்தவுடன் அம்மாவைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி இன்னொரு ஸ்ட்ரிப் போட்டிருந்தால், 160-ஐ ஒட்டி ஏதாவது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான்கு யூனிட் கூட்டியிருக்க மாட்டீர்கள். நீங்கள் போடும் கலவை இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி நள்ளிரவை ஒட்டியும் அதற்குப் பிறகும்தான் வேகம் பிடிக்கும். இரண்டரை மணி என்பது அதன் நேரம். நீங்கள் செய்தது தப்பு என்று குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. 243-ஐப் பார்த்துப் பயப்படாத மகள் யார்? எதிர்பாராத எண் வந்தால் கை கழுவி மறுபடி பார்ப்பது என்ற ஒரு பழக்கத்தை யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எங்கள் தரப்புக் குறை. ஸ்ட்ரிப் விற்கிற விலை எனக்கும் தெரியும், ஆனால் இந்த ஒரு இடத்தில் கணக்குப் பார்க்காதீர்கள்.

லேப்பின் 139-க்கு வருகிறேன். மீட்டருக்கும் லேப்புக்கும் சண்டை வந்தால் லேப் சொன்னதே தீர்ப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். லேப்பின் இயந்திரம் துல்லியமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இயந்திரத்துக்குப் போய்ச் சேரும்வரை ரத்தம் என்ன ஆகிறது? ரத்த அணுக்கள் உயிருள்ளவை. குழாய்க்குள் வந்த பிறகும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். நீங்கள் அனுப்பிய போட்டோவில், ரத்தம் எடுத்த நேரம் 6.30, லேப்பில் பெற்றுக்கொண்ட நேரம் 9.50 என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. பைக்கில் பையோடு பல வீடு சுற்றிவிட்டுப் போயிருக்கிறான் பையன். மூன்று மணி நேரத்துக்கு மேல்! சாதாரணக் குழாயில் அப்படியே வைத்திருந்தால், எடுத்தபோது 160-க்கு மேல்கூட இருந்திருக்கலாம்.

சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்தார்களா என்று லேப்பில் கேளுங்கள். அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும், அணுக்கள் குளுக்கோஸைத் தின்பதை நிறுத்தும். அதுவும் உடனே நிறுத்தாது, முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் கொஞ்சம் போயிருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் எடுத்தபோது 150-ஐ ஒட்டி இருந்திருக்கும். 150-க்குப் பக்கத்தில் 168-ம் 157-ம் வைத்துப் பாருங்கள். இரண்டும் 15 சதவீதத்துக்குள் வந்துவிடுகின்றன. புது மீட்டரின் 181 மட்டும் வெளியே நிற்கிறது.

இன்னொன்று, வெறும் வயிற்றில்தான் விரல் ரத்தமும் நரம்பில் எடுத்த ரத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் இருபது, முப்பது, சில நேரம் அதற்கு மேலும் கூடுதலாகவே இருக்கும். சாப்பாட்டிலிருந்து வந்த சர்க்கரையைத் திசுக்கள் எடுத்துக்கொண்ட பிறகு திரும்பும் ரத்தம்தான் கை மடிப்பு நரம்பில் ஓடுகிறது, அதனால் அப்படி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரையும் லேப்பையும் ஒப்பிட்டுவிட்டு மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஹீமோகுளோபின் 8.4. என்னை அதிகம் கவலைப்படவைத்தது இதுதான்.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை ஹீமட்டோகிரிட் என்போம். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் தோராயமாக வந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு 25. சாதாரணமாகப் பெண்களுக்கு 36-க்கு மேல் இருக்கும். ஸ்ட்ரிப்பின் நுனியில் ரத்தம் ஏறியதும், அதிலிருக்கும் குளுக்கோஸ் உள்ளே இருக்கும் நொதியைப் போய்த் தொட வேண்டும், அப்போதுதான் மின்சாரம் உண்டாகி எண் வரும். சிவப்பணுக்கள் அந்த வழியில் கூட்டமாக நின்று தடுக்கும். சாதாரணக் கூட்டத்துக்குத் தகுந்தபடிதான் மீட்டரைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ரத்தசோகையில் கூட்டம் குறைவு, வழி காலி. குளுக்கோஸ் தாராளமாகப் போய்ச் சேர, மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவோடு வரும் மடிப்புத் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஹீமட்டோகிரிட் எதிலிருந்து எதுவரை இந்த ஸ்ட்ரிப்பை நம்பலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். சில மீட்டர்களுக்கு 20-இலிருந்தே அனுமதி இருக்கும், உள்ளேயே திருத்திக்கொள்ளும். பல மீட்டர்களுக்கு 30-இலிருந்துதான். 30 என்று போட்டிருந்தால், அந்த மீட்டர் இப்போதைக்கு உங்கள் அம்மாவுக்கானது இல்லை.

கூட்டிக் காட்டினால் என்ன, ஜாக்கிரதையாக இருப்போமே என்று தோன்றும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது தலைகீழ். குறைத்துக் காட்டும் மீட்டர் தேவையில்லாமல் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைக்கும், அவ்வளவுதான். கூட்டிக் காட்டும் மீட்டர் இன்சுலினைக் கூட்டவைக்கும், தாழ்சர்க்கரையை மறைத்தும் வைக்கும். உங்கள் வீட்டில் 80 என்று காட்டினால் நிஜத்தில் 65-ஆக இருக்கலாம். அன்று காட்டிய 61, நிஜத்தில் 50-ஐ ஒட்டிக்கூட இருந்திருக்கலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. முன்பு ஒரு வகை ஸ்ட்ரிப்பில் இருந்த நொதி, வயிற்று வழி டயாலிசிஸ் திரவத்திலிருந்து வரும் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிக்கொண்டது. மீட்டர் உயரமாகக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டார்கள். 1997-க்கும் 2009-க்கும் இடையில் இப்படி 13 மரணங்கள், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ-வுக்குத் தெரிவிக்கப்பட்டன.

ஆகவே இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். மீட்டர் 100-க்குக் கீழே காட்டி, அம்மாவுக்கு வியர்வையோ, படபடப்போ, நடுக்கமோ, பேச்சில் தடுமாற்றமோ இருந்தால், எண்ணை நம்பாமல் உடம்பை நம்புங்கள். 70-க்குக் கீழே காட்டினால் அறிகுறி இருக்கிறதா என்று யோசிக்கவே வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுபடி பார்க்கும்போது விரலைக் கழுவ மறக்காதீர்கள். அவசரத்தில் சிந்திய சர்க்கரைத் தண்ணீர் விரலில் ஒட்டியிருந்தால் 180 என்று காட்டும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு உயர்ந்த எண்ணை வைத்து இன்சுலினைக் கூட்ட வேண்டாம். தினமும் ஒரே வேளையில், காலையோ இரவோ, மூன்று நாள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுக் கூட்டலாம்.

மீட்டரைச் சோதிக்க வேண்டுமென்றால், வீட்டுக்கு ஆள் வரவழைக்காமல் நீங்களே வெறும் வயிற்றில் லேப்புக்குப் போங்கள். கை கழுவி, ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் அதே ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். விரலைப் பிழிந்து பிழிந்து எடுக்கக் கூடாது, திசுநீர் கலந்துவிடும். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, நுனியின் பக்கவாட்டில் குத்தினால் தானாகத் துளி வரும். ரத்தத்தை உடனே இயந்திரத்தில் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிடும்படி லேப்பில் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் செய்து தருவார்கள். இப்படி வேறு வேறு நாளில் மூன்று முறை பார்த்தால், உங்கள் மீட்டர் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

புது மீட்டரின் ஸ்ட்ரிப் டப்பாவையும் பாருங்கள். காலாவதித் தேதி மட்டுமல்ல, திறந்த பிறகு எத்தனை மாதம் என்றும் அதில் போட்டிருக்கும். திறந்த அன்று பேனாவால் தேதி எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் ரீடிங் வாரக்கணக்கில் தாறுமாறாக இருந்தது. டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். இருபத்தைந்து ஸ்ட்ரிப்பையும் எடுத்து, வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருந்தார். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி கெடும். அந்த டப்பாவின் உட்சுவரில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள், அதனால் ஸ்ட்ரிப் அதற்குள்ளேயே இருக்க வேண்டும், எடுத்தவுடன் மூட வேண்டும். ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம்.

இப்போது மறுபடி அந்த 8.4. வயதானால் அப்படித்தான் என்று உங்களிடம் சொன்னது சரியில்லை. 69 வயதில், மாதவிடாய் நின்று இத்தனை வருடம் கழித்து ஒரு பெண்ணுக்கு ரத்தம் இவ்வளவு குறைந்திருந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். குடலில் எங்காவது தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வெகுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும், அதையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தாலும் ரத்தம் குறையும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் இல்லை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் போட்ட இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், 12 யூனிட்டே அதிகமாகிவிடும். அந்த இரவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று மாதச் சராசரி என்று பார்க்கும் எச்பிஏ1சி-யும் ரத்தசோகையில் சாய்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவில் கூடக் காட்டும், ரத்தம் கசிந்து புது அணுக்கள் வேகமாக உருவாகும்போது குறையக் காட்டும். ரத்தசோகை தீரும்வரை அதையும் முழுதாக நம்ப முடியாது.

அதனால் மீட்டர் பஞ்சாயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வாரத்துக்குள் அம்மாவை உங்கள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரண்டு மீட்டர், இரண்டு ஸ்ட்ரிப் டப்பா, ரீடிங் எழுதிய நோட்டு, இந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். இரவு இரண்டரை மணிக்கு நடந்ததை முதலில் சொல்லுங்கள், 8.4-ஐ அடுத்துச் சொல்லுங்கள். இரவு டோஸைக் குறைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். அதுவரை, தூங்கப் போகும் முன் ஒரு முறையும், அலாரம் வைத்து இரண்டரை மணிக்கு ஒரு முறையும் கை கழுவி, துடைத்துவிட்டுப் பாருங்கள்.